மேலே தள்ளிவிடும் கப்பல்

பிப். 2, திங்கள்

காலையில் பனி. துணி காயவில்லை. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். எனக்கு அரை நாள் லீவு. ஸ்கூலில் எச்.எம். முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் இவர் தண்ணீர் கேட்டார். கிட்னி போனவருக்குத் தண்ணீர் அளவுதான். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்பேன், அதிலேயே காபியும் அடக்கம். இன்று தீர்ந்துவிட்டது. "ஒரு மடக்கு குடு மாலதி." கொடுக்கவில்லை. பாவி நான்.

பிப். 4, புதன்

வாங்க வேண்டியது: ரவை, பல்பு, இவருக்கு மெத்தென்று செருப்பு (கால் வீக்கம்).

நாளை ப்ளஸ் ஒன்னுக்கு விண்வெளி நிலையம் பாடம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போனில் வீடியோ பார்த்தோம். நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் சரக்குக் கப்பல் கீழ்ப்பாதையில் வேகமாகச் சுற்றி அதைத் துரத்துகிறது. கிட்டே வந்ததும் ஆமை வேகம். மூக்கு பொருந்தியது, கொக்கிகள் இறுகின. இவர் கண் எடுக்கவில்லை.

"சாமான எறக்கிட்டுச் சும்மா நிக்குமா?"

"இல்லங்க. அம்புட்டு ஒசரத்துலயும் கொஞ்சம் காத்து இருக்கு. அது உரசி உரசி நெலையம் கீழ எறங்கிக்கிட்டே இருக்கும். கப்பல் தன் இஞ்சினப் போட்டு மறுபடி மேல தள்ளிவிடும்."

கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தார். "அப்ப நம்ம கேஸுதான் டீச்சரம்மா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தள்ளிவிடுறாங்க."

நர்ஸ் சிரித்தார். நானும். எவ்வளவு நாளாயிற்று இவர் கிண்டல் பேசி.

பிப். 5, வியாழன்

வகுப்பு நன்றாகப் போனது. சாயங்காலம் இவர், "எத்தன வருசம் தள்ளுவாங்க?"

வாயை மூடியிருக்கலாம். டீச்சர் புத்தி, கேள்வி என்றால் முழுப் பதில். சொன்னேன்: நிலையம் பழசாகிவிட்டது, விரிசல் கண்டிருக்கிறது. ஒருநாள் மேலே தள்ளுவதை நிறுத்திவிடுவார்கள். கடைசியாக ஒரு கப்பல் போய் ஒட்டி, இஞ்சினை எதிர்ப்பக்கமாகப் போட்டு, ஆளில்லாத கடலில் இறக்கிவிடும்.

"யாரு முடிவு பண்றது?"

"வச்சிருக்கவங்கதான்."

"சரி." டிவி போட்டுவிட்டார்.

பிப். 6, வெள்ளி

மெஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கி மயக்கம், வாந்தி. போன மாதம் முழுக்க இதே கதைதான். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயமும் தாங்கவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "போதும் மாலதி. திங்கக்கெழம நான் வரல."

கத்தினேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். கோவையிலிருந்து மகள் போனில் அழுகை: "அப்பாவ விட்டுராதம்மா."

பிப். 8, ஞாயிறு

மகள் வந்துவிட்டாள். அவளும் கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை.

"அந்தக் கப்பலப் பத்தி நான் வாயே தொறந்திருக்கக் கூடாது" என்றேன்.

"எப்பவோ முடிவு பண்ணிட்டேன்டி. ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

மூன்று பேரும் அழுதோம். ரவை உப்புமா. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப். 9, திங்கள்

பனி இல்லை. வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ராசுவின் ஆட்டோ வந்து ஹாரன். நானே வாசலுக்குப் போனேன்.

"இன்னைக்கு வேணாம் தம்பி."

"புதன்கெழம வரட்டுமாங்கம்மா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். நின்று பார்த்துவிட்டு, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் ஸ்டார்ட் செய்தார்.

உள்ளே வந்து அளக்கிற பாட்டிலை எடுத்தேன். வைத்துவிட்டேன். பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு இவரிடம் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.