திங்கட்கிழமையே நிரப்பிய கட்டங்கள்

கொரட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள கோகுலுக்கு,

நீ எங்களிடம் பொய் சொன்னாய். ஒன்றரை வருடமாகச் சொல்லியிருக்கிறாய். இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மழைக்குப் பிறகு அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே உனக்கு எப்படி என்று வழக்கமாகக் கேட்பதை இந்த முறை கேட்கப் போவதில்லை, என்ன பதில் வரும் என்று தெரியும், அந்தப் பதிலில் எனக்கு இப்போது நம்பிக்கை போய்விட்டது. போனில் கேட்டால் பாதி முகத்தைக் காட்டி, "நல்லாத்தான் கீறேன்மா, மீட்டிங் கீது" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்துவிட முடியாது.

திங்கட்கிழமை சாயந்திரம் மாடி வீட்டு ரோஷினி, அதுதான் அந்த ஐடி கம்பெனிப் பெண், துணி எடுக்க இறங்கி வந்தவள், "ஆன்ட்டி, கோகுல் அண்ணா வீடியோ பாத்தீங்களா, செம தைரியம்" என்று போனை நீட்டினாள். டப்ளினில் உன் ஆபீஸ் மேடையில் நிற்கிறாய். உனக்குக் கீழே வேலை பார்க்கும் நாற்பது பேர் எதிரில். ஒன்றரை வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், சில நாள் காலையில் ஷூ கயிற்றைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகவும் சொல்கிறாய். எனக்கு எல்லாம் புரியவில்லை, ரோஷினி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உன் கழுத்தைப் பார்த்தேன், சட்டைக் காலர் இரண்டு விரல் தளர்ந்து கிடந்தது. மாத்திரை சாப்பிட்டதற்காக உன்னைத் திட்டவில்லை, மேடையில் சொன்னதற்காகவும் இல்லை. நாற்பது பேருக்குத் தெரிந்தது பெற்றவளுக்கு மாடி வீட்டுப் பெண் மூலமாகத்தான் தெரிய வேண்டுமா என்பதுதான். அதற்கு நீ எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் இந்த வாரம் என் கம்பெனியில் நடந்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லைன் லீடராக இருப்பது உனக்குத் தெரியும். கார்களுக்குப் போகும் வயர் கட்டு, இருபத்திரண்டு பெண்கள், ஆறு மணி ஷிப்ட். வேலை தொடங்குமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தியையும் நலம் கேட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று ஒரு விதி. முன்பு உடம்பு என்று ஒரு கட்டம்தான். போன வருடம் வயர் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மனசையும் கேட்க வேண்டும் என்றார்கள், மறுநாளே மனசு என்று இரண்டாவது கட்டம் அச்சாகி வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு இரண்டு கட்டம், இருபத்திரண்டு ஆளுக்கு நாற்பத்து நாலு, பெல்ட் ஓட வேண்டியது ஆறு பத்துக்கு. நான் என்ன செய்வேன் தெரியுமா, திங்கட்கிழமை டீ நேரத்தில் உட்கார்ந்து சனிக்கிழமை வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் "ந" என்று போட்டுவிடுவேன். நலம் என்பதற்கு ஒரு எழுத்து. நான் மட்டுமில்லை, எல்லா லைன் லீடரும் அப்படித்தான். புரொடக்ஷன் சம்பந்தம் சார் சொல்லிக் கொடுத்த வழி அது. "ஒவ்வொருத்தி மனசையும் நோண்டிகினு நின்னா லைனை யாரு ஓட்டுறது, நானா? ந போட்டுட்டு வாம்மா" என்பார். சனிக்கிழமை பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் பார்த்ததில்லை.

அக்டோபரில் கேன்டீனில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மேனேஜர் இராமகிருஷ்ணன் சார் மைக்கைப் பிடித்து, கொரோனா சமயத்தில் தனக்கு மூச்சு முட்டிப் போய் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும், டாக்டரிடம் போனதையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும், யாரும் தனியா தவிக்காதீங்க" என்றார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், நான் அழவும் செய்தேன். அப்புறம் ஆளுக்கு ஒரு கேக் துண்டும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு மஞ்சள் பேட்ஜும் கொடுத்தார்கள். அவர் நடித்தார் என்று நான் சொல்லவில்லை கோகுல், அவர் உண்மையாகத்தான் அழுதார். உண்மையாக அழுத மனிதர் பிறகு அப்படி நடந்துகொண்டார் என்பதுதான் என் கோபம்.

அந்தத் திறந்த கதவை நம்பிப் போனவள் சபீனா. என் லைனில் பிரஸ் மிஷினில் இருப்பவள், வயர் முனையில் பித்தளைத் துண்டை அழுத்துகிற மிஷின், விரல் ஒரு நொடி தப்பினால் போச்சு. வாடகை குறைவு என்று குத்தம்பாக்கம் பக்கம் குடிபோனதிலிருந்து மூன்றரை மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள், இரண்டு பிள்ளைகள். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், காலையில் மந்தமாக இருக்கிறது, பகல் ஷிப்டுக்கு மாற்றி மிஷினிலிருந்து எடுத்துவிடுங்கள் சார் என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கேட்டாள். அவர் எழுந்து தண்ணீர் கொடுத்து, "சொன்னதுக்கு தேங்க்ஸ்மா" என்றாராம். மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சான்றிதழ் வரும்வரை வீட்டில் இரு, சம்பளம் கிடையாது. பத்தாம் நாள் மெமோ. நோயை மறைத்து ஆபத்தான இயந்திரத்தில் வேலை பார்த்து மற்றவர் உயிருக்கு ஊறு விளைவிக்கும்படி நடந்தீர், ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டு. அத்தாட்சியாக இணைத்திருந்தது என் பதிவேட்டின் நகல். மூன்று மாதம், வரிசையாக, மனசு: ந, ந, ந. கீழே அவள் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து.

அந்த மெமோவை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை. "அக்கா, ஒரு நாள்னா ஒரு நாள் நீ என்னைக் கேட்டியா?" என்றாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை. வியாழக்கிழமை விசாரணை, நான்தான் கம்பெனிக்குச் சாட்சி. புதன்கிழமை சம்பந்தம் சார் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். "இன்னா பஞ்சவர்ணம், மூஞ்சி தொங்கிப் போச்சு? ரெண்டே வரி வசனம். தெனமும் கேட்டேன், நல்லா கீறேன்னு சொன்னா. முடிஞ்சுது, போய் டீ குடி. இல்லாங்காட்டி பொய் ரிஜிஸ்டர் எழுதினேன்னு உன்னையும் சேர்த்துத் தூக்கிருவானுங்க" என்றார். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார், அவரைக் குறை சொல்லாதே, ஆவடி பாக்டரியில் முப்பத்து நாலு வருடம் வாயைத் திறக்காமல் ரிடையர் ஆனவர். "இன்னும் ரெண்டு வருசம்தான் கீது உனக்கு, ஊருக்கு நல்லது பண்ண வேற ஆளே இல்லியா?" என்றார்.

விசாரணை அறையில் மேனேஜர், சம்பந்தம் சார், ஹெச்ஆர் பெண், மூலையில் சபீனா. உன் வீடியோ பார்த்த கோபமும் என்னோடு அந்த அறைக்குள் வந்தது என்று வைத்துக்கொள். நான் கேட்கவே இல்லை, ஆறு நாள் கட்டத்தையும் திங்கட்கிழமையே நிரப்பிவிடுவேன், அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, மறைக்க யாராவது கேட்டிருக்க வேண்டுமே என்று சொன்னேன். சம்பந்தம் சார் தரையைப் பார்த்தார். அப்புறம் நான் சொல்ல நினைத்திராத ஒன்றையும் சொல்லிவிட்டேன். அதை உனக்கு இப்போது எழுதுகிறேன், உன்னைப் பொய்யன் என்று தொடங்கிவிட்டு இதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. நீ விமானம் ஏறிய வருடம் எட்டு மாதம் நானும் மாத்திரை சாப்பிட்டேன். தைராய்டு என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னது பொய், டப்பாதான் தைராய்டு டப்பா. கம்பெனி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து லைனை ஓட்டியிருக்கிறேன். அந்த எட்டு மாதமும் என் பெயருக்கு நேரே, அப்போதிருந்த ஒற்றைக் கட்டத்தில், நானே "ந" போட்டிருக்கிறேன். இதைச் சொன்னதும் ஹெச்ஆர் பெண் பேனாவைத் தூக்கி, அந்த எட்டு மாதம் எந்த மிஷினில் இருந்தீர்கள் என்று கேட்டாள், எனக்கும் மெமோ எழுதத்தான். "லைன் லீடராத்தான் இருந்தேன், அந்த வருசம் எங்க லைனுக்குத்தான் ஷீல்டு குடுத்தீங்க" என்றேன். மேனேஜரைப் பார்த்து, "சார், நீங்க சொன்னா தைரியம், இவ சொன்னா சீக்கா?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. யாரும் கைதட்டவில்லை. இதையும் எழுதணுமா சார் என்று ஹெச்ஆர் பெண் அவரைக் கேட்டாள், "எழுதுங்க மேடம்" என்று நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லீடர் பேட்ஜை வாங்கிக்கொண்டு என்னைப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். பரவாயில்லை, பெட்டி ஒட்டுகிற வேலை, நின்றுகொண்டே செய்ய வேண்டும், கால்தான் வீங்குகிறது. சபீனாவின் மெமோவைத் திரும்பப் பெறவில்லை, புதன்கிழமை கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு முடிவு என்கிறார்கள். நான் பேசியதால் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நீ சந்தோஷப்படாதே, கிடைக்கவில்லை. நடந்தது ஒன்றே ஒன்று. என் இடத்துக்கு வந்த ஜெபா நேற்று காலை பதிவேட்டைத் திறந்து நிஜமாகவே ஒவ்வொருத்தியாகக் கேட்டிருக்கிறாள். முதல் நாலு பேர் நலம் என்றார்கள். ஐந்தாவது மங்களம், "நல்லா இல்லை, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டாள், அதற்கப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பெல்ட் ஒன்பது நிமிடம் தாமதம். சம்பந்தம் சார் கத்தியது பேக்கிங் வரைக்கும் கேட்டது.

வியாழக்கிழமை சாயந்திரமே அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "தெனமும் கேக்கணுமா உன்னை?" என்றார். கேளுங்கள் என்றேன். மூன்று நாளாகக் காலையில் பல் தேய்த்தவுடன் வந்து கேட்கிறார், அட்டென்டன்ஸ் எடுக்கிற மாதிரி. உன் வீடியோவை இன்னும் அவருக்குக் காட்டவில்லை, அதை நீயே சொல்.

இனி உன் விஷயம். நீயும் இப்போது நாற்பது பேருக்கு லீடர். நீ பேசி முடித்த பிறகு உன் கதவுக்கு யாராவது வந்தார்களா? வந்தவரை என்ன செய்தாய்? வருடக் கடைசியில் யாருக்கு எத்தனை மார்க், யாரை வேலையை விட்டு அனுப்புவது என்று எழுதுகிற கை உன்னுடையதுதானே, அவர் பெயருக்கு நேரே என்ன எழுதப் போகிறாய்? தண்ணீர் கொடுத்துத் தேங்க்ஸ் சொல்லி அனுப்பிவிடாதே. நீ பேசியது நல்லதா வெறும் பேச்சா என்பது அந்த ஒரு ஆளுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் இருக்கிறது.

மாத்திரையை நீயாக நிறுத்தாதே, நான் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பட்டேன், டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். பிரெட்டையே தின்னாமல் சோறு வை. ரசப்பொடி தனியாக அனுப்புகிறேன். நேற்று மாங்காட்டுக்குப் போய் உன் பெயருக்கும் சபீனா பெயருக்கும் அர்ச்சனை செய்தேன், ஐயர் நட்சத்திரம் கேட்டார், அவளுக்கு என்ன நட்சத்திரம் என்று தெரியவில்லை, உன் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டேன். அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நிம்மதியாகத் தூங்க வைக்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இரு.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டது. மேலே உன் பெயர், கீழே ஏழு நாளுக்கு ஏழு கட்டம், ஒவ்வொன்றும் நாலு வரி எழுதும் அளவுக்குப் பெரிது. அன்றன்றைக்கு நிரப்பு, ஞாயிற்றுக்கிழமை தபாலில் போடு. "ந" என்று எழுதாதே. ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினால், மை பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், அந்த வேலையை நான் நிறையச் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கு. பஞ்சவர்ணம்.

முதல் கட்டத்துக்கான கேள்வியை மட்டும் நானே எழுதிவிடுகிறேன்: நேற்று தூங்கினாயா?