பாஸமும் அந்துப்பூச்சியும்

மார்ச் 10, செவ்வாய். ஆலன் நகரம், அமெரிக்கா.

மகள் மாயாவுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். ஓர் அபூர்வப் பிராணியையும் சாதாரணப் பிராணி ஒன்றையும் ஒப்பிட வேண்டும். ஆஸ்திரேலிய மலையில் வாழும், குட்டியைப் பையில் சுமக்கும் சுண்டெலியளவு 'பாஸம்' ஒன்றை எடுத்திருக்கிறாள். அவள் சொன்னது எனக்குப் 'பாசம்' என்றே கேட்டது. சிரித்துவிட்டேன்.

அதற்கு இரையாகும் ஓர் அந்துப்பூச்சிதான் அவள் எடுத்த சாதாரணப் பிராணி. வருஷாவருஷம் வெகுதூரம் பறந்து மலைக்குக் கூட்டங்கூட்டமாக வருமாம்.

"ஒன் இயர் ஆல்மோஸ்ட் நன் கேம், அம்மா. லாட்ஸ் ஆஃப் பேபீஸ் டைடு." ஒரு வருஷம் பூச்சிகள் அநேகமாக வரவே இல்லையாம்; பாஸம் குட்டிகள் நிறையச் செத்துப்போயினவாம்.

"முன்னாடியே யாரும் கவனிக்கலையா?"

"தே வேர் காமன். நோபடி வொரீட்." பூச்சிகள் எங்கும் சாதாரணமாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லையாம்.

பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போன என் கணவர் கார்த்திக்குக்கு, தூதரகத்திலிருந்து பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை. அவர் வேலையை நம்பித்தான் இங்கே எங்களுக்கு எல்லாமே. காலையில் ஃபோனில் அவர் குரலே சரியில்லை. ஏனென்று கேட்கப் பயமாக இருந்தது. "அப்பா எப்போ வருவார்" என்று கேட்பதை மாயா நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தைரியம் சொன்னார். "ஸ்டாம்பிங்தானேம்மா? எல்லாரும் போயிட்டு வர்றதுதானே. ரொம்ப காமன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் வராமல்போன அந்தப் பூச்சிகள்தான் நினைவுக்கு வந்தன.

வாசல் விளக்கை அணைக்கப் போனேன். அவர் வரும்வரை எரியட்டும் என்று அணைக்காமல் வந்துவிட்டேன்.