மதிலோரத்து அருகம்புல்

என் நைனாவுக்கு,

நீ மைதான வாசலில் அருகம்புல் சாறு விற்ற தள்ளுவண்டி இப்போது சும்மா நிற்கிறது. நீ கண்ணை மூடிய பிறகும் அம்மா வியாபாரத்தை விடவில்லை. நிறுத்தச் சொன்னது நான்தான். ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

விம்கோ நகரில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலையின் மதிலோரம்தான் நீ புல் அறுப்பாய். அங்கே தும்பை இல்லை, நெருஞ்சிகூட இல்லை. அருகு மட்டும் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். "ஒண்ணுமே மொளைக்காத எடத்துல இது மட்டும் நிக்குது பாரு, இன்னா சத்து இருக்கணும்!" என்பாய். நடக்க வருகிறவர்களிடமும் அதையே சொல்லி, முதல் டம்ளரை நீயே குடித்துக் காட்டுவாய்.

கல்லூரியில் ஆய்வுக்கு ஒரு புல்லும் அது வளர்ந்த மண்ணும் வேண்டும் என்றார்கள். பெருமையாக நம் புல்லையே கொண்டுபோனேன். மண்ணில் காரீயம் இருந்தது. வேரிலும் இலையிலும் இருந்தது. மற்ற செடிகள் தாங்காமல் செத்த மண்ணில், அருகு அந்த நஞ்சைத் தனக்குள் சேர்த்துவைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது, நைனா.

பேட்டரிக்குள் இருக்குமே அந்த ஈயம், கழுவினாலும் போகாது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ உங்க நைனா ஊருக்கே வெசம் குடுத்துகினு இருந்தாரா? படிச்சிட்டு வந்து இதத்தான் சொல்றியா?"

"அவருக்குத் தெரியாதும்மா. அவரும்தானே குடிச்சாரு."

புல் அறுக்கும் அரிவாளை எடுத்து அம்மா பரண்மேல் போட்டாள். கடைசியில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதற்கும் இதுதான் காரணமா? எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நானும் அம்மாவும் வெறும் வண்டியோடு மைதானத்துக்குப் போனோம். "நீயே சொல்லு. எனக்கு வாய் வராது" என்றாள் அம்மா. வகுப்பில் எழுந்து நிற்கவே வியர்க்கும் எனக்கு. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உன் பழைய வாடிக்கையாளர் ரயில்வே மாமா, "சுகருக்குன்னு குடிச்சா, பேட்டரி சார்ஜ் பண்ணி அனுப்பிச்சீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "என் புள்ளைக்கும் குடுத்தேனே" என்று ஓர் அக்கா சொன்னதும் சிரிப்பு நின்றது. "ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்க்கா, ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றேன்.

அம்மா அழுதுவிட்டாள். ரயில்வே மாமாதான் தேற்றினார். "அழுவாத தங்கச்சி. அந்தாளு தெரிஞ்சு குடுக்கிறவரா? மண்ணுல இத்தக் கொட்டினவன் எவனாச்சும் வந்து சொன்னானா? உன் பொண்ணு வந்து சொல்லுது."

இன்று காலை மதிலோரம் எருமைகள் மேய்ந்தன. உன் தோஸ்து பால்காரருடையவை. அந்தப் பால் நம் தெருவுக்குத்தான் வருகிறது. சொன்னால் கோபப்படுவார், 'நீ யாரு எனக்குச் சொல்ல?' என்பார். நாளைக்கு அவர் வீட்டுக்குத் தனியாகவே போகிறேன். யார் என்று கேட்டால், தலை குனியாமல் உன் பெயரைச் சொல்வேன், நைனா.

உன் மூத்த பொண்ணு