நீ ஏறாமல் விட்ட பஸ்

எம். புதுப்பட்டி,
10.2.2025

அன்புள்ள முனியராஜுக்கு,

கதிரவன் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் போன் மூன்று மாதமாக அணைந்தே கிடப்பதால் கடிதம் எழுதுகிறேன். திருப்பூரில் நீ தங்கியிருக்கும் விலாசத்தை உன் மனைவி வேல்விழிதான் கொடுத்தது. உன் மகள் சினேகா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். முகம் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறது.

நான் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. நீ நம்ப மாட்டாய். என் மனைவி அழகுமீனாவும் நம்பவில்லை. வெம்பக்கோட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம், நீங்க போயிட்டு வாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை.

குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டங்களுக்குப் போகிறேன். எனக்கான கூட்டம் லேசில் அமையவில்லை. முதலில் விருதுநகருக்குப் போனேன். உள்ளே நம் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப் போலத்தான் வந்திருக்கிறார் என்று அப்போது உறைக்கவில்லை, பயந்துபோய்ப் பத்தே நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். அடுத்து சிவகாசியில் ஒன்று. எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் கடை போனது, கார் போனது என்று அவர்கள் பேசப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வாரம் போய் வாய் திறக்காமல் திரும்பினேன். இரண்டாவது வாரம் திரும்பும் வழியில் குடித்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

மூன்றாவதுதான் திருத்தங்கல். ஒரு டியூஷன் சென்டர் மாடி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முட்டி இடிக்கும். லோடு ஏற்றுகிறவர், தீப்பெட்டி ஆபீஸ்காரர், அச்சாபீஸில் கட்டிங் மிஷின் ஓட்டும் சின்னச்சாமி அண்ணன் என்று எட்டுப் பேர். யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன்தான் முதலில் பேசினார். "எம் மக கல்யாணத்துல நான் பந்திக்குப் பின்னால விழுந்து கெடந்தேன்யா. தாலி கட்டுனதப் பாக்கல" என்றார். யாரும் உச்சுக்கொட்டவில்லை. இங்கே நானும் பேசலாம் என்று தோன்றியது.

ஆனாலும் துணிவு வர மாதக்கணக்கானது, போன வாரம்தான் பேசினேன். உன்னைப் பற்றித்தான் பேசினேன், முனியராஜ்.

அந்தத் தீபாவளி சீசன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நம் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றாய். கையில் துண்டுச்சீட்டு. "கதிரு, ஒரு கூட்டம் இருக்காம்டா. ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோம்" என்றாய். நான் சீட்டைப் பிடுங்கி, டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து, "ஏலே, இவரு குடிக்காம இருக்கப் பாடம் படிக்கப் போறாராம்லே!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பஸ் வந்தது, நீ ஏறவில்லை. உன் தோளில் கையைப் போட்டுப் பிராந்திக் கடைக்குக் கூட்டிப் போனது நான்தான். சீட்டு எங்கே விழுந்ததோ தெரியாது.

அடுத்த வருடம் உன் கை நடுக்கத்தைப் பார்த்து, வெடிமருந்து அறைக்குள் வரக்கூடாது என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் நீ ஊரைவிட்டுப் போனாய். நானோ உன்னைக் குறை சொல்லிக்கொண்டே குடித்தேன்.

இதைப் பேசி முடித்தபின் சின்னச்சாமி அண்ணன் என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய், அது எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். "அன்னிக்கு முந்தின நாளு ஒருத்தரு எனக்குப் போன் போட்டாரு. பேரு சொல்லல, புதுப்பட்டின்னாரு. 'நான் மட்டுமில்ல, எங் கூட்டாளியையும் கூட்டிட்டு வாரேன், அவனுக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு'ன்னாரு. ரெண்டு டீ கூடுதலாச் சொல்லி வச்சிருந்தோம்" என்றார்.

எனக்காகவும் சேர்த்துத்தான் நீ பேசியிருக்கிறாய். நான் அலைந்து கண்டுபிடித்த கூட்டம் நீ எப்போதோ கண்டுபிடித்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் வேல்விழியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டும் என்று நினைத்தேன். ஆனால் அது உள்ளே போய் உன் விலாசத்தை எழுதி எடுத்து வந்தது. "வரச் சொல்லி எழுத வேண்டாம்ண்ணே. சாப்பிடுறாகளான்னு மட்டும் கேளுங்க" என்றது.

அதனால் வரச் சொல்லவில்லை. சாப்பிடுகிறாயா?

திருப்பூரிலும் கூட்டங்கள் உண்டு, அண்ணன் விசாரித்துச் சொன்னார். ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று பார்ப்போம். 23-ஆம் தேதி ஞாயிறு காலை உன் அறைக்கு வருகிறேன். என்னை அடித்தாலும் சரி, திட்டினாலும் சரி. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. அன்றைக்கு நீ குடித்திருந்தாலும் பரவாயில்லை, கதவை மட்டும் திற.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கதிரவன்