கடையில் வாசித்த கடிதம்

தாராவி
12-8-1964

அன்பு மகள் மாடத்திக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அந்தமானில் நீ எழுந்து நடமாடி இரண்டு வாய் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால்தான் அந்தச் சுகம் உடம்பில் ஒட்டும். மூன்று மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தாய். சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன். சித்திரையில் நம் பித்தளைக் குடம் காணாமல் போனது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு ஏழு வருஷமாகக் கடிதம் எழுதித் தந்து, உன் கடிதங்களை வாசித்துச் சொன்ன பக்கத்து ரூம் நஜ்முன்னிசாவையே, குழாயடியில் அத்தனை பேர் முன்னால் திருடி என்றேன். அதற்கு மேலும் ஒரு சொல் சொன்னேன். அவள் பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாலாம் நாள் உன் அப்பா குடத்தோடு வந்து நிற்கிறார், ஓட்டை அடைக்கக் கொடுத்திருந்தாராம், சொல்ல மறந்துவிட்டாராம். அப்போதே போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். வீம்பும் வெட்கமும் சேர்ந்து என்னைப் போகவிடவில்லை.

போன வாரம் உன் கடிதம் வந்ததும் பஞ்சு அண்ணாச்சி கடைக்கு எடுத்துப் போய் வாசிக்கச் சொன்னேன். கூட்டமான நேரம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, உரத்த குரல்தான் அவருக்கு. பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது என்று நீ எழுதியதை, அரிசி வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள் மகளே. ஒருத்தி, "முத புள்ளையா?" என்றாள், பின்னால் நின்றவன் சீக்கிரம் புளி நிறுக்கச் சொன்னான். உன் துக்கத்தைத் தெருவில் போட்டவள் நான்தான், மன்னித்துக்கொள். அங்கிருந்து நேரே நஜ்முன்னிசா வாசலில் போய் நின்றேன். கடிதத்தை மட்டும் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கக்கா" என்றாள். கதவைச் சாத்திவிட்டு எனக்கு மட்டும் கேட்கும்படி முதலிலிருந்து வாசித்தாள். ஏழு வருஷமும் அப்படித்தான் வாசித்தாள். உன் மாமியாரோடு வந்த மனத்தாங்கல், நீ அழுது எழுதியது, எதுவும் இந்த ரூம் வரிசையில் இன்னொருவர் காதுக்குப் போனதில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு வரியை எழுதி அடித்திருந்தாயாமே, அண்ணாச்சி அதைத் தாண்டிப் போய்விட்டார். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அம்மா நீ வந்தா நல்லாருக்கும்னு எழுதி அடிச்சிருக்காக்கா" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். "புள்ளைக்கு மொதல்ல பதில் போடுவோம்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அன்று அவளைச் சொன்ன சொல்லையும் இதில் எழுதச் சொன்னேன், அதை மட்டும் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் வருகிறேன். மதராஸிலிருந்து கப்பல் எப்போது என்று அப்பா விசாரிக்கிறார். அதுவரை பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, பாரம் தூக்காதே. மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசு, அவருக்கும் அது பிள்ளைதானே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுதும்போது நஜ்முன்னிசாவுக்கும் நாலு வரி எழுது, இத்தனை வருஷத்தில் கடிதத்தின் அடியில் அவள் பெயரைப் போடச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா சொர்ணம்மாள், கைநாட்டு

எழுதியவள்: நஜ்முன்னிசா