உலையடியில் கேட்ட குரல்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி? என்னைத் திட்டத் தெம்பு இருக்கிறதல்லவா?

போன செவ்வாய் மத்தியானம் ஆலையில் ஒரு கூத்து. உலையில் காய்ந்த உலோகக் கலவைத் துண்டை எடுத்ததும் தண்ணீரில் முக்க வேண்டும். இடுக்கியோடு திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் "என்னங்க" என்று உன் குரல். பார்த்தால் யாருமில்லை. அதற்குள் துண்டு மெல்ல ஆறிவிட்டது.

வெளியே பளபளப்புதான். பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்த இன்ஜினியரம்மா, "ஒண்ணா கலந்ததெல்லாம் உள்ளே பொடிப்பொடியா பிரிஞ்சு போச்சுண்ணே, திரிஞ்ச பால் மாதிரி. யாரைப் பார்த்துட்டு நின்னீங்க?" என்றார்.

"வீட்டுக்காரி கூப்பிட்டா."

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து உலைப்பக்கம் போனால் காது முதுகிலேயே இருக்கிறது.

தலைவலித் தைலம் ஒன்று அனுப்பு. அன்று என்னைக் கூப்பிட்டாயா என்றும் எழுது. கூப்பிடாவிட்டாலும் கூப்பிட்டேன் என்றே எழுது.

சங்கு ஊதிவிட்டான், ஓடுகிறேன்.

உன் தொல்லை