தலைமாட்டுச் சுவரில் நாலு துளை

காவோஷியுங்
14 மார்ச் 1993

அன்புத் தங்கை யூலுவானுக்கு,

நலம்தானே? மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகமா? நான் இருக்கிறேன், பயந்துகொண்டு.

பதினெட்டு வருஷம் இரும்புச்சாமான் கடையில் உட்கார்ந்து ஆணியும் தாழ்ப்பாளும் விற்றவள். முதலாளி கடையை மூடியதும் என்ன துணிச்சலில் இந்த வேலையில் இறங்கினேனோ! ஸ்கூட்டருக்குப் பின்னால் பலகை மாட்டிவிட்டேன்: ‘வீட்டுப் பழுது வேலைகள். குழாய், கதவு, விளக்கு, அலமாரி. செய்பவர் பெண்.’ அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் தனியாக இருக்கும் பெண்கள் கூப்பிடுகிறார்கள். தெரியாத ஆம்பளையை வீட்டுக்குள் விட அவர்களுக்குப் பயம். தெரியாத வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பயம் “யாரு?” என்கிறது, இந்தப் பக்கம் ஒரு பயம் “நான்தாங்க” என்கிறது.

நேற்று ஒரு பெரியவர் கதவைத் திறந்து என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ஆளு எங்கம்மா?” “நான்தாங்க ஆளு.” “அப்ப ஏணில ஏறப் போறது?” “அதுவும் நான்தாங்க.” வேலை முடியும்வரை ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார், பாவம்.

தச்சர்கள் மாதிரி பென்சிலைக் காதில் செருகிக்கொள்ள ஆசை. அம்மா என் இடது காதை முடியால் மூடி மூடியே வளர்த்துவிட்டாள். ஒதுக்கக் கை வரவில்லை. பென்சில் சட்டைப் பையில்தான்.

வரும் ஞாயிறு உன் கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு மின்விசிறியை மாட்டித் தருகிறேன். புது டிரில் மிஷினுக்கு முதல் சுவர் உன் வீட்டுச் சுவர்தான்.

அன்புடன்,
அக்கா பீஷியா

*

காவோஷியுங்
25 மார்ச் 1993

யூலுவான்,

எப்படி இருக்கிறாய்? ஆஸ்பத்திரியா, வீடா? அதுகூட எனக்குத் தெரியாது. உன் மாமியார் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டார்.

“ஏம்மா, உனக்கு வேற சுவரே கெடைக்கலயா? கருவைக் காக்குற சாமி இப்போ கட்டில் பக்கம்தான் குடியிருக்குன்னு கோயில்ல பஞ்சாங்கம் பாத்துச் சொல்றாங்க. தலைமாட்டுல நாலு துளை போட்டுட்டுப் போயிட்டியே! ரெண்டே நாள்ல ரத்தம். ஏழு வருஷமா காத்திருக்கோம். புள்ள தங்காமப் போச்சுன்னா, இல்ல உடம்புல ஓட்டையோட பொறந்துச்சுன்னா, ஜென்மத்துக்கும் உன் முகத்துல முழிக்கமாட்டோம்.”

சுவரில் கை வைக்கும் முன் எந்தத் தச்சனும் கேட்கிற கேள்விதான். நானும் கேட்டேன். “இந்த வீட்ல யாரும் முழுகாம இருக்காங்களாடீ?” நீ கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டே, “இருந்தா உனக்குத் தெரியாதா?” என்று சிரித்தாய். நம்பினேன்.

சாமி, பஞ்சாங்கம் எல்லாம் உண்மையோ பொய்யோ, தெரியாது. அந்தச் சுவரில் மிஷின் அலறிய அலறல் எனக்குத் தெரியும். கட்டில் அதிர்ந்தது. நீ அதன்மேல் உட்கார்ந்திருந்தாய்.

மிஷினைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பீஷியா

*

பிங்தோங்
8 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். ரத்தம் நின்றுவிட்டது. குழந்தை இருக்கிறது. ஜூன் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். போன் அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கடிதம்தான் நமக்குப் பத்திரம்.

பொய் சொன்னது நான்தான், அக்கா. போன இரண்டு தடவையும் உண்டானதுமே ஊருக்கெல்லாம் சொன்னோம், இரண்டும் தங்கவில்லை. மூன்று மாதம் முடியுமுன் வாய் திறந்ததால்தான் என்று அத்தை அப்போது என்னைப் பேசாத பேச்சில்லை. அதனால் இந்தத் தடவை அவரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டபோது அத்தை வாசலில் நின்றார். “இங்கே துளை போடாதே” என்று சொன்னாலே போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். அதோடு நீ புதுப் பெட்டியும் கையுமாக, முதல் துளை போட வந்து நிற்கிறாய். நான் கொய்யாவை நறுக்கினேன்.

இன்னும் அத்தையிடம் உண்மையைச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. பழி உன்மேல் விழுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உன் மின்விசிறியைக் கழற்றினாலும் சுவரைத் தொட்டதாகிவிடுமாம், அதனால் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே அத்தை கோயிலிலிருந்து மந்திரச் சீட்டு வாங்கி வந்து ஒட்டியிருக்கிறார். விசிறி சுற்றும்போது சீட்டு படபடக்கிறது. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேலையை மட்டும் விட்டுவிடாதே. நீ விட்டால், உன் மிஷின்தான் காரணம் என்று நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் எனக்குத் தூக்கம் வராது.

உன் தங்கை,
யூலுவான்

*

காவோஷியுங்
30 ஆகஸ்ட் 1993

அன்புத் தங்கைக்கு,

வேலையை விடவில்லை. ஒழுகும் குழாய், கிறீச்சிடும் கதவு, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய். மிஷின் மட்டும் துணிக்குள்ளேயே கிடக்கிறது. சுவரில் ஏதாவது மாட்டச் சொன்னால் “வேற ஆளப் பாருங்க” என்றுவிடுகிறேன். சுவர் வேலை செய்யாதவளை யார் இரண்டாம் முறை கூப்பிடுவார்கள்? இப்படியே போனால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

குழாய் வேலைக்குக்கூட மூன்று தடவை அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் அறுபது வயது அம்மாள் ஒருத்தி, “எம் புருஷன் செத்துப் பத்து வருஷமாச்சு, யாரோட சேத்துக் கெளப்பி விடற?” என்று விளக்குமாற்றைத் தூக்கினாள். நானும்தான் சிரித்தேன். ஸ்கூட்டரில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது.

குழந்தை உடம்பில் துளையோடு பிறப்பதாகக் கனவு வருகிறது. ஒரு நாள் உதட்டில், ஒரு நாள் உள்ளங்கையில். உன்னிடம் சொல்லவே கூடாது. சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

அக்கா

*

பிங்தோங்
9 நவம்பர் 1993

அக்கா,

பெண் குழந்தை. மூன்றாம் தேதி காலையில் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். ஆனால் அந்தக் கனவை நீ எனக்கு எழுதியிருக்க வேண்டாம்.

அத்தை முதலில் விரல்களை எண்ணினார். உதட்டைப் பார்த்தார். உள்ளங்கைகளைப் பிரித்தார். முதுகைத் தடவினார். அப்புறம் தலையைத் திருப்பி ஈர முடியை ஒதுக்கினார். “இருக்கு” என்றார். “துளை இருக்கு.”

எனக்கு உயிரே போய்விட்டது.

இடது காதோரம், ஊசி முனையளவு. “துளைச்சுட்டாளே! உங்கக்கா எம்பேத்தியத் துளைச்சுட்டாளே!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் குழந்தையை வாங்கிப் பார்த்தேன். அக்கா, ஐந்து வயதில், நீ தூங்கும்போது உன் காதோரத்தில் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்து உன்னிடம் அறை வாங்கினேனே, அதே இடம். அதே பிறவித் துளை. இம்மி பிசகவில்லை. நம் அப்பாவுக்கும் அங்கேதான் இருந்தது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கேட்டதை, நான் பொய் சொன்னதை, எல்லாவற்றையும். அவர் நம்பவில்லை. “அக்காவக் காப்பாத்தக் கத கட்டாத. அவ காதுல அப்படி ஒண்ணும் நான் பாத்ததில்லயே” என்கிறார். அப்பாவின் போட்டோவிலும் காது தெரியவில்லை. ஆறு நாளாகக் குழந்தையை அவர் தூக்கவில்லை. தொட்டில்வரை வருகிறார், பார்க்கிறார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. காலம் முழுக்க இப்படியே பார்ப்பாரோ?

மாதம் நிறைந்து, குழந்தை பிறந்ததற்கு உறவுக்கெல்லாம் சிவப்பு முட்டை கொடுக்கும் நாள்வரை என்னால் பொறுக்க முடியாது. இப்போதே வா. முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வா.

யூலுவான்

*

காவோஷியுங்
12 நவம்பர் 1993

யூலுவான்,

முடியைக் கட்டினால் அவிழ்ந்துவிடும் என்று காது தெரிய வெட்டிக்கொண்டுவிட்டேன். முடிவெட்டும் பெண் “நெஜமாவாக்கா?” என்று நான் கேட்கிற மாதிரியே மூன்று தடவை கேட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணி ரயிலில் வருகிறேன். உன் மாமியார் கிட்டே வந்து பார்க்கட்டும். ஈர்க்குச்சி வேண்டுமானாலும் விட்டுப் பார்க்கட்டும், அறையமாட்டேன்.

இன்று மிஷினைத் துணியிலிருந்து எடுத்தேன். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் அலமாரி மாட்டினேன். ஒவ்வொரு துளைக்கும் மூன்று தடவை அளந்து குறித்தேன். பென்சில் காதில் அசையாமல் இருந்தது.

அவர் நம்புவாரோ மாட்டாரோ, தெரியாது. அவர் என்ன சொன்னாலும் சரி, நான் வாசல்படி ஏறியதும் குழந்தையை என் கையில் கொடுத்துவிடு. அவளைத் தூக்கி, அவள் காதோடு என் காதை வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்கா